பூஜையில் வைத்த பன்னிரண்டு போன்கள்

போன வாரம் ஆயுத பூஜை. சாயங்காலம் நான்கு மணிக்கு எங்கள் அல்லிநகரம் வீட்டில் உட்கார்ந்து பொரி கடலை கொறித்துக்கொண்டிருந்தேன். ஆறு மணிக்குத் தேனி கடைவீதியில், ஸ்கூட்டியின் பின்சீட்டில் நாத்தனாரை வைத்துக்கொண்டு, நடுரோட்டில் உடைத்துப் போட்ட பூசணிக்காய்களுக்கு இடையே வளைந்து வளைந்து பறந்துகொண்டிருந்தேன்.

எதற்கு? பன்னிரண்டு செல்போன்களைக் காப்பாற்றத்தான்.

“இந்த அம்மாவுக்கு வேறு வேலை இல்லையா?” என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. கொஞ்சம் பொறுங்கள். இந்தப் பத்திரிகைப் பத்தியில் எத்தனையோ கதை அளந்திருக்கிறேன்... ஆனால் இப்படி நெஞ்சு படபடத்த ஒரு நாள் எனக்கு வாய்த்ததே இல்லை.

முதலில் நாத்தனாரைச் சொல்லிவிடுகிறேன். பெயர் பூங்கொடி. என் வீட்டுக்காரரின் தங்கை. பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தவள். ஊர்ப் பக்கமே இருக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்று திரும்பி வந்து, தேனியில் ஒரு பழ மண்டியில் சேர்ந்தாள். “இன்ஜினியரிங் படிச்சிட்டு மண்டியிலயா?” என்று கேட்காத சொந்தக்காரர் கிடையாது. கேட்டவர்களுக்கெல்லாம் காபி போட்டுக் கொடுத்தது நான்.

மண்டி என்றால் சின்ன இடம் இல்லை. ஓடைப்பட்டி திராட்சை, கம்பத்து வாழை, தேவதானப்பட்டி மாம்பழம் என்று சீசனுக்குச் சீசன் வாங்கி, லாரி லாரியாக வெளியூருக்கு அனுப்புகிறார்கள். ஊருக்கு ஒரு ஏஜென்ட்டாகப் பதினோரு பேர். தோட்டம் தோட்டமாகப் போய்ப் பழத்தைப் பார்த்து விலை பேசுவது அவர்கள் வேலை. பூங்கொடி முதலாளியிடம் மன்றாடி, பதினோரு பேருக்கும் ஆளுக்கொன்று, முதலாளிக்கு ஒன்று என்று பன்னிரண்டு போன் வாங்க வைத்தாள்.

போனில் என்ன இருக்கிறது, இன்று எல்லோர் கையிலும்தான் போன் இருக்கிறது. விஷயமே அவளுடைய லேப்டாப்பில் இருந்தது. அட்மின் கன்சோல் என்று பெயராம்.

முதல்முறை அதைப் பார்த்த அன்று நான் அடுப்பில் பாலை மறந்துவிட்டேன். திரையில் பன்னிரண்டு பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு சின்ன வட்டம். பச்சை என்றால் போன் நலம். சிவப்பு என்றால் தகவலே இல்லை. சாம்பல் என்றால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்து வெறும் டப்பா ஆகிவிட்டது. எங்கள் வீட்டு டைனிங் டேபிளில் உட்கார்ந்து இவள் ஒரு பட்டனை அழுத்துகிறாள், அங்கே ஓடைப்பட்டியில் யாரோ ஒருவருடைய சட்டைப் பையில் இருக்கும் போன் தானாகத் தன் செட்டிங்கை மாற்றிக்கொள்கிறது. புதுப் போனா? நம்பரைத் தட்டினால் போதும், மெயில், இன்டர்நெட், விலைப் பட்டியல் எல்லாம் காற்றிலேயே போய் உட்கார்ந்துகொள்ளும். அங்கே இருப்பவர் செய்ய வேண்டியது ‘ஓகே’ அமுக்குவது மட்டும்.

கம்பத்து ஏஜென்ட் கம்பம்மெட்டுப் பக்கம் ஏறினால் அவர் போன் கேரளா டவரைப் பிடித்துக்கொள்ளும். வட்டம் ஆரஞ்சாகிவிடும். “மதினி, கம்பத்து அண்ணேன் மலை ஏறிட்டாரு” என்பாள் பூங்கொடி. நான் கரண்டியோடு ஓடி வந்து பார்ப்பேன். சீரியல் பார்ப்பதை நிறுத்தினேன் என்றால் நம்புங்கள்.

ஆனால் போனை வாங்கிய ஏஜென்ட்டுகளுக்கு இந்த உற்சாகம் இல்லை. “எங்கள வேவு பாக்கவா?” என்றார்கள். “முப்பது வருசமா எங்க வாய்ச் சொல்லுல ஓடுன யாவாரம்” என்றார்கள். சிலர் சார்ஜ் போடாமலே வைத்திருந்தார்கள். பூங்கொடி ஊர் ஊராக பஸ் ஏறிப் போய், திட்டு வாங்கி, டீ வாங்கிக் கொடுத்து, ஒவ்வொருவராகப் பழக்கினாள். ஓடைப்பட்டி மூக்கையா அண்ணன்தான் இருப்பதிலேயே முரண்டு. போனைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு ரப்பர் பேண்ட் சுற்றி வைத்திருந்தவர் அவர். அப்புறம் ஒருநாள் அதில் குரலைப் பதிவு செய்யலாம் என்று தெரிந்ததும், பேரன் கெக்கெக்கே என்று சிரிப்பதைப் பிடித்து வைத்துக்கொண்டு, தோட்டம் தோட்டமாகப் போட்டுக் காட்டினார். அதற்குப் பிறகு கவரையும் காணோம், ரப்பர் பேண்டையும் காணோம்.

முதலாளி மட்டும் கடைசி வரை பிடி கொடுக்கவில்லை. “விஜயதசமி வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள இந்தப் போனால ஒரு வில்லங்கம் வந்துச்சு, அம்புட்டையும் மூட்டை கட்டித் திருப்பி அனுப்பிருவேன்” என்று சொல்லிவிட்டார். போன் போனால் கன்சோல் இல்லை. கன்சோல் இல்லையென்றால் பூங்கொடிக்கு மண்டியில் வேலை இல்லை. மறுபடி பெங்களூர் பஸ்தான். அதை நினைத்தாலே அவளுக்கு முகம் சுருங்கிவிடும்.

இப்போது ஆயுத பூஜை சாயங்காலத்துக்கு வருகிறேன்.

வாசலில் மூக்கையா அண்ணன். கையில் ஒரு கூடைத் திராட்சை. பூஜைக்குக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று பஸ் பிடித்து வந்திருக்கிறார். வந்த மனுஷருக்குச் சுண்டல் வைத்துக் கொடுத்தேன். பேச்சுவாக்கில் பூங்கொடி கேட்டாள்.

“என்னண்ணே, சட்டப்பை காலியா இருக்கு. போன எங்க?”

“பூசையில இருக்குல்ல ஆத்தா” என்றார் மூக்கையா, பெருமையாக. “காலையில ஏழு மணிக்கு அமத்தி, பழம் வெட்டுற கத்திரி, தராசு, அதுக்குப் பக்கத்துல போனு. சந்தனம் குங்குமம் வெச்சாச்சு. இன்னிக்கு அதத் தொடலாமா? நாளைக்கு மறுபூச முடிச்சுத்தேன்.”

“நீங்க மட்டுமா, இல்ல...”

“எல்லாருந்தேன். முந்தாநாளே பேசி வெச்சுக்கிட்டோம். கம்பத்துக்காரரு, தேவதானப்பட்டிக்காரரு, எல்லாரும் அப்பிடித்தேன் வெச்சிருக்காக.”

பூங்கொடி கையிலிருந்த சுண்டல் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் சொன்ன பிறகுதான் விஷயம் விளங்கியது. சித்திரை மாதம் ஒரு ஏஜென்ட் பஸ்ஸில் போனைத் தொலைத்துவிட்டாராம். நம்ம விலை எதிர் மண்டிக்குப் போய்விடும் என்று முதலாளி ஒரே சத்தம். அவர் பிடிவாதத்துக்காகக் கன்சோலில் ஒரு விதி போட்டிருக்கிறாள். எந்தப் போனாவது பன்னிரண்டு மணி நேரம் தொடர்ந்து தகவல் தராவிட்டால் அது தொலைந்துபோனதாகக் கணக்கு. மறுபடி எப்போது உயிர் பெற்றாலும், அந்த நிமிஷமே உள்ளே இருப்பதெல்லாம் தானாக அழிந்துவிடும். யாரும் எதையும் அமுக்க வேண்டாம். பன்னிரண்டு மணி நேரம் யார் போனை அணைத்து வைக்கப் போகிறார்கள் என்று அன்று எல்லோரும் நினைத்திருக்கிறார்கள்.

யார் வைப்பார்கள்? நாம் வைப்போம். வருஷத்தில் ஒருநாள், சந்தனப் பொட்டோடு.

காலை ஏழு மணிக்கு அணைத்தது. சாயங்காலம் ஏழு மணிக்குக் கெடு முடிகிறது. அதற்குள் விதியை எடுக்காவிட்டால், மறுநாள் மறுபூஜை முடித்து ஆசையாகப் போனைப் போடுகிற ஒவ்வொருவருக்கும் வெறும் டப்பாதான் மிஞ்சும். தோட்டக்காரர் நம்பர்கள் போகும், படங்கள் போகும், மூக்கையாவின் பேரன் சிரிப்பும் போகும். பேக்கப் வசதி தீபாவளிக்குப் பிறகுதான் வருவதாக இருந்தது. முதலாளி கேட்ட வில்லங்கம், அவர் சொன்ன நாளிலேயே தட்டில் வைத்துக் கொடுத்த மாதிரி வந்து நிற்கும்.

“அண்ணே, நான் சொல்றவரைக்கும் போனப் போடாதீக” என்றாள் பூங்கொடி.

மூக்கையா யோசித்தார். “சரி ஆத்தா. ஆனா நீ சொல்றது எனக்கு எதுல வரும்?”

அதுவும் சரிதான். நாளைக்கு எட்டு மணிக்கு மேல் போடுங்கள் என்று அவரைப் பஸ் ஏற்றினோம். மற்றப் பத்து ஏஜென்ட்டுகளுக்கு எப்படிச் சொல்வது? அவர்களுடைய வேறு நம்பர் எதுவும் எங்களிடம் இல்லை; கூப்பிட இருக்கிற ஒரே வழி அந்தப் போன்தான். அது சாமி முன்னால் கண்ணை மூடிக் கிடக்கிறது.

“சரி, லேப்டாப்ப எடு” என்றேன். அந்தக் கன்சோல் போனில் திறக்காது, கம்ப்யூட்டர்தான் வேண்டும் என்று அவள் முன்பே சொல்லியிருக்கிறாள்.

அவள் பூஜை அறையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். சரஸ்வதி படத்துக்கு முன்னால், என் பிள்ளைகளின் கணக்குப் புத்தகங்களுக்கு அடியில், மூடியில் மூன்று விரல் சந்தனத்தோடு அவளுடைய லேப்டாப்.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கட்டுப்படுத்துகிறவளும் பூஜை போட்டுவிட்டாள், கட்டுப்படுகிறவர்களும் பூஜை போட்டுவிட்டார்கள். நடுவில் அந்த விதி மட்டும், யாருக்கும் லீவு இல்லை என்று வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது.

என் அத்தைதான் — பூங்கொடியின் அம்மா — முதலில் வாய் திறந்தார். “ஆத்திர அவசரத்துக்கு எடுத்தா சரசுவதி ஒண்ணும் கோவிச்சுக்கிற மாட்டா. எடுத்துக்க.”

“வேணாம்மா” என்றாள் பூங்கொடி. “அவுக பதினோரு பேரும் அத ஒரு பொருளா மதிச்சு, தொடாம வெச்சிருக்காக. நான் மட்டும் பாதியில எடுத்தா, நாளைக்கு மூக்கையா அண்ணேன் மூஞ்சியில எப்பிடி முழிக்கிறது? வேற கம்ப்யூட்டர் கெடைக்குதான்னு பாப்போம். கெடைக்கலன்னா எடுக்குறேன்.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “வேலையே போகப்போகுது, உனக்கு என்னடி வீம்பு?” என்று கத்தினேன். கத்திக்கொண்டே ஸ்கூட்டி சாவியையும் எடுத்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆயுத பூஜை அன்று தேனியில் கம்ப்யூட்டர் தேடியிருக்கிறீர்களா? தேடாதீர்கள். மண்டி ஆபீஸ் பூட்டு. சாவி முதலாளியிடம். அவரிடம் போய் என்ன சொல்லிக் கேட்பது? முதல் பிரவுசிங் சென்டரில் மானிட்டர்களுக்கெல்லாம் மாலை. இரண்டாவதில் கீபோர்டு மேல் வாழைப்பழம். “நாளைக்கு வாங்கக்கா” என்று சொல்லி ஒரு பொட்டலம் பொரி கொடுத்தார்கள். மூன்றாவதிலும் அதே பதில், அதே பொரி. ஜெராக்ஸ் கடையில் மிஷினுக்கு வேட்டி துண்டெல்லாம் கட்டிவிட்டிருந்தார்கள். ஸ்கூட்டியின் முன் கூடை பொரியால் நிறைந்துவிட்டது, ஒரு கம்ப்யூட்டர்தான் கிடைக்கவில்லை. மணி ஆறேகால்.

“சாமுவேல் அண்ணாச்சி” என்று பூங்கொடி என் தோளைத் தட்டினாள்.

கடைவீதியில் ஸ்டேஷனரி கடை வைத்திருப்பவர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். கடைக்குப் பின்னால் இரண்டு கம்ப்யூட்டர் போட்டு மணிக் கணக்குக்கு விடுகிறார். போனோம். கடை திறந்திருந்தது. எனக்கு உயிர் வந்தது. உள்ளே எட்டிப் பார்த்தால்... இரண்டு கம்ப்யூட்டருக்கும் நெற்றி நிறைய குங்குமம்.

“என்ன அண்ணாச்சி, நீங்களுமா?” என்றேன்.

“நான் எங்கம்மா வெச்சேன்” என்றார் சாமுவேல் அண்ணாச்சி. “கடையில வேல பாக்குற புள்ளைக வெச்சிட்டுப் போயிருக்காக. நாளைக்கி நாங்க வந்து எடுக்குறவரைக்கும் தொடக்கூடாதுன்னு கண்டிசன். அதுக வெச்ச பொட்ட நான் அழிச்சா நல்லாருக்குமா?”

பூங்கொடி விஷயத்தைச் சொன்னாள். முழுவதும் கேட்டார். பிறகு கல்லாவைப் பூட்டிவிட்டு எழுந்தார். “மாடியில எம் மகளோட கம்ப்யூட்டரு இருக்கு. அதுக்கு எங்க வீட்டுல கிறிஸ்மஸுக்குத்தேன் அலங்காரம். வாங்க.”

மாடிக்கு ஓடினோம். கம்ப்யூட்டரைப் போட்டோம். கரண்ட் போயிற்று.

ஆமாம், அந்த நேரம் பார்த்துத்தான். ஊரே இருட்டு, வீட்டுக்கு ஓடி லேப்டாப்பை எடுத்தாலும் இன்டர்நெட் வராது. அண்ணாச்சியின் மனைவி மெழுகுவத்தி ஏற்றி, எங்களுக்கு டீயும் கொடுத்தார்கள். பூங்கொடி டீயைக் கையில் வைத்துக்கொண்டு, அணைந்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெங்களூரில் அவள் இருந்த வருஷங்களில் ஞாயிற்றுக்கிழமை தோறும் அத்தை போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. மறுபடி அந்த ஞாயிற்றுக்கிழமைகள் வேண்டாம் என்று இருந்தது.

கரண்ட் வந்தபோது மணி ஏழைத் தாண்டிவிட்டது. கன்சோல் பக்கம் மேலிருந்து கீழே அங்குலம் அங்குலமாக இறங்கியது. பன்னிரண்டு வட்டங்களும் சிவப்பு. ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘அழிக்க உத்தரவு போயிற்று’ என்று இங்கிலீஷில் ஒரு வரி.

பூங்கொடியின் விரல்கள் பறந்தன. முதலில் அந்த விதியை எடுத்தாள். அப்புறம் ஒவ்வொரு பெயராகப் போய் உத்தரவை ரத்து செய்தாள். முடித்ததும் ஒரு பெட்டி வந்து நின்றது. ரத்து ஏற்கப்பட்டது, ஆனால் ஏற்கெனவே கிளம்பிய உத்தரவு சில போன்களை முதலில் அடைந்துவிடக்கூடும் என்று அதில் இருந்தது. மனுஷர்கள்தான் இப்படி மழுப்புவார்கள் என்று நினைத்திருந்தேன். மிஷினும் மழுப்புகிறது.

“அப்ப என்னதான்டி அர்த்தம்?”

“நாளைக்கு போனப் போட்டாத்தேன் தெரியும் மதினி.”

திரும்பி வரும்போது நான் மெதுவாகவே ஓட்டினேன். அப்போதுதான் ஒன்று தோன்றியது. பொட்டு என்று பார்த்தால் நாம் எல்லாவற்றுக்கும் வைக்கிறோம். பீரோவுக்கு, பிரிட்ஜுக்கு, ஜன்னல் கம்பிக்கு. ஆனால் சாமி முன்னால் கொண்டுபோய் வைப்பது எதை? சோறு போடுகிற சாமானை மட்டும்தான். வேவு பார்க்க வந்தது என்று பத்து மாதம் முன்னால் திட்டிய போனை, அந்த மனுஷர்கள் தராசுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். பூங்கொடி ஜெயித்துவிட்டாள். அவள் ஜெயித்ததால்தான் கன்சோல் முழுக்கச் சிவப்பாகக் கிடக்கிறது. இந்த வேடிக்கையை யாரிடம் போய்ச் சொல்வது?

மறுநாள் காலையில் அத்தை எங்களுக்காக மறுபூஜையைச் சீக்கிரமே முடித்தார். கற்பூரம் குளிர்வதற்குள் பூங்கொடி லேப்டாப்பை எடுத்துவிட்டாள். சந்தனம் காய்ந்து உதிர்ந்தது. திறந்தோம். நான், அத்தை, என் வீட்டுக்காரர், பிள்ளைகள் எல்லோரும் அவள் தலைக்குப் பின்னால்.

பன்னிரண்டும் சிவப்பு.

அப்புறம் தேவதானப்பட்டி துடித்தது. பச்சையா சாம்பலா என்று தெரியாமல் ஒரு கணம் மஞ்சளாக நின்றது. பச்சை.

அடுத்தது கம்பம். பச்சை. சின்னமனூர். பச்சை. எந்த ஊரில் எந்த வீட்டில் இப்போது மறுபூஜை முடிந்தது என்று அல்லிநகரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம். பள்ளத்தாக்கு முழுக்க வீடு வீடாக விளக்குப் போடுவதைப் பார்க்கிற மாதிரி இருந்தது. ஒவ்வொரு பச்சைக்கும் பிள்ளைகள் கை தட்டினார்கள். கன்சோல் என்றால் என்னவென்றே தெரியாத அத்தை, “ஓடப்பட்டி இன்னும் வரலயே, ஓடப்பட்டி இன்னும் வரலயே” என்று புலம்பிக்கொண்டிருந்தார்.

எட்டு மணிக்கு ஓடைப்பட்டி வந்தது. உடனே பூங்கொடியின் போன் அடித்தது. எடுத்தால் பேச்சு இல்லை, ஒரு குழந்தை கெக்கெக்கே என்று சிரிக்கிற சத்தம் மட்டும். பிறகு மூக்கையாவின் குரல். “கேட்டுச்சா ஆத்தா? இருக்கான்.”

பூங்கொடி அழுதுவிட்டாள். நானும்தான். வெட்கம் என்ன இதில்?

பதினொன்று பச்சை ஆயிற்று. ஒன்று மட்டும் சிவப்பாகவே நின்றது. முதலாளியுடையது.

ஒன்பது மணி ஆயிற்று. அந்த வட்டம் அசையவில்லை. பூங்கொடியின் முகம் மறுபடி சுருங்க ஆரம்பித்தது. விஜயதசமி, அவர் சொன்ன நாள். “நேத்தே அமத்தி, திருப்பி அனுப்புற பெட்டியில போட்டுட்டாரு போல மதினி” என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

ஒன்பதேகாலுக்கு வட்டம் மஞ்சளானது. பச்சையானது. போனும் அடித்தது. ஸ்பீக்கரில் போடச் சொல்லி நான் கையைக் காட்டினேன்.

“பூங்கொடி, போனு நேத்துலருந்து கல்லாப்பெட்டி மேல பூசையில இருந்துச்சு. இப்பத்தேன் எடுத்தேன். எதும் சேதி வந்துச்சா?”

“இல்லங்கய்யா” என்றாள்.

“சரி. தேவாரம் பக்கம் ரெண்டு ஆளு புதுசாப் போட்டிருக்கேன். அவுகளுக்கும் போனு வாங்கணும்ல? என்ன ஏதுன்னு பாத்துச் செய்யி.” வைத்துவிட்டார்.

அவ்வளவுதான். திருப்பி அனுப்பலையா, உன் வேலை நிரந்தரமா, ஒரு பேச்சு இல்லை. முதல்நாள் சாயங்காலம் நாங்கள் ஊரெல்லாம் ஓடியது இன்று வரை அவருக்குத் தெரியாது. அவர் இந்தப் பத்திரிகை வாங்குவதில்லை, யாரும் சொல்லிவிடாதீர்கள்.

“வேலைக்கு ஆபத்து ஒண்ணும் இல்லைன்னு வாயைத் திறந்து சொல்லலாம்ல அந்த மனுஷர்?” என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

கல்லாப்பெட்டி மேல் இடம் கொடுத்த வியாபாரி வாயால் வேறு சொல்ல வேண்டுமா என்ன?